ஒற்று அக்கா விட்ட பிழை

எங்கள் மாலைப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. எல்லாருக்கும் அவர் ஒற்று அக்கா. யாராவது 'அந்த பெண்' என்று எழுதிக் கொடுத்தால் சிவப்புப் பேனாவால் நடுவில் ஒரு 'ப்' செருகிவிட்டு, எழுதின ஆளை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து சில நிருபர்கள் தேவையில்லாத இடத்திலெல்லாம் ஒற்றைத் தூவிக்கொண்டு வருவார்கள். "இதென்ன, உப்புத் தூவுற மாதிரி தூவியிருக்கீங்க?" என்று அதையும் அடித்துப் போடுவார்.

நான் அதே அறையில் பக்கம் கட்டுகிறவள். செய்தியையும் படத்தையும் விளம்பரத்தையும் கணினியில் இழுத்துப் பிடித்து ஒரு பக்கத்துக்குள் அடக்குவது என் வேலை. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஆபீசில் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கதையைக் கோபமில்லாதவர்கள் சொன்னால் உருப்படாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் தங்கை இதில் வருவார். அவர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நேரில் 'வாடி, போடி' என்றுதான் பேசுவேன். ஆனால் எழுத்தில் அவரை 'வந்தார், சொன்னார்' என்றுதான் எழுதுவேன். கை கூசத்தான் செய்கிறது. ஏன் அப்படி எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்களுடைய அறை இரண்டாம் மாடியில். கீழே அச்சு இயந்திரம். காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தால் பன்னிரண்டரைக்குள் கடைசிப் பக்கம் கீழே போயாக வேண்டும். ஒரு மணிக்கு இயந்திரம் ஓட ஆரம்பிக்கும்போது டம்ளரில் இருக்கும் தண்ணீர் நடுங்கும். அதற்கப்புறம் கத்தியும் பிரயோஜனமில்லை. போனது போனதுதான்.

அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்குப் பத்து. அப்பா அதற்கு முன்பே இல்லை. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தான். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "வந்த மாப்பிள்ளை எல்லாம் வரிக்கு மூணு பிழையோட வந்தாங்க. திருத்தி முடியாதுன்னு விட்டுட்டேன்" என்றார். உண்மையில் தங்கையைப் படிக்க வைக்கிற அவசரத்தில் அவருக்கு நேரமே வாய்க்கவில்லை. தங்கை படித்தார், கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு வருஷத்தில் அது சரிப்பட்டு வராமல் அக்காவின் இரண்டு அறை வீட்டுக்கே திரும்பி வந்தார். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை. அவர் குத்தினால் ஊசி ஏறியதே தெரியாது என்பார்கள்.

அந்த வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. சாயங்காலம் தங்கை பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை சத்தமாகப் படிப்பார். அக்கா கோட்டைவிட்ட பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது அக்கா. பிழையே இல்லையென்றால் தங்கை. இரண்டு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள், அடித்துக்கொள்வார்கள். நான் ஒருநாள் அங்கே போயிருந்தபோது ஒரு காற்புள்ளிக்காக அரைமணி நேரம் சண்டை நடந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அது நின்றுபோனது.

அன்றைக்கு நாலாம் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. பத்து வரி. தலைப்பு, 'பரிசோதனை நிலையத்தில் உல்லாசமா? பெண் ஊழியர் பரபரப்புப் புகார்'. போட்டவர் தலைப்பு சார். எங்கள் தலைமை உதவி ஆசிரியர். தலைப்பு வைப்பதில் சூரர் என்று அவருக்கு அவரே நினைப்பு. செய்தி இப்படிப் போனது: கணவரைப் பிரிந்து வாழும் இருபத்தொன்பது வயது அழகிய பெண் ஒருத்தி, நிலையத்தின் நிர்வாகி தன்னிடம் தவறாக நடக்க முயன்றதாகப் போலீசில் புகார் கூறியிருக்கிறாள். ரத்த மாதிரிகள் வைக்கும் அறையில் தன்னைப் பூட்டிவைத்ததாக அந்த பெண் சொல்கிறாள். இதை மறுத்த நிர்வாகி, இரண்டு மகள்களின் தந்தையான தன்மீது இப்படி ஒரு பழியா என்று மிகுந்த வேதணையுடன் தெரிவித்தார்.

பெயர் போடக்கூடாது என்பது விதி. அதனால் பெயர் இல்லை. எந்த நிலையம் என்றும் இல்லை. ஊரில் அப்படி முப்பது இருக்கும். தங்கை புகார் கொடுத்ததை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து சொல்லலாம் என்று இருந்தாராம். செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை.

ஒற்று அக்கா படித்தார். 'அந்த பெண்' நடுவில் ஒரு 'ப்' போட்டார். 'வேதணை'யில் மூன்று சுழி ண வந்திருந்தது, அதை அடித்து இரண்டு சுழி ன போட்டார். கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

நான் மட்டும் யோக்கியமா? என் கணினியில் 'அழும்பெண்-2' என்று ஒரு படம் இருந்தது. தலைவிரி கோலமாய், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு நிழலுருவம். இந்த மாதிரிச் செய்தி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துப் போடுவேன். அன்றைக்கும் போட்டேன். எத்தனை முறை போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

சாயங்காலம் தங்கை வழக்கம்போலப் பத்திரிகையை விரித்தார். அக்கா அடுப்படியில் இருந்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் எல்லாம் சத்தமாகப் படித்தவர் நாலாம் பக்கத்தில் நிறுத்திவிட்டார். "என்னடி, பிழை கிடைச்சிருச்சா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டிருக்கிறார். தங்கை பத்திரிகையை மடித்து வைத்தார். "இல்லக்கா. ஒரு பிழையும் இல்ல. இன்னைக்கு நான்தான் பாத்திரம் கழுவணும்." கழுவியும் வைத்தார்.

மறுநாள் காலையில் அக்கா எழுந்தபோது தங்கை பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டதற்கு, "நேத்து நாலாம் பக்கம் கீழ வந்துச்சே, அது நான்தான்" என்றார். அக்காவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தங்கையே மேலே பேசினார். "அந்தாளோட வேதனைகூட ரெண்டு சுழியில சரியா இருக்குக்கா. எனக்கு ஒரு 'ப்' போட்டிருக்க, பார்த்தேன். மத்தது எதுவும் உன் கண்ணுல படலையா?"

"நான் எழுத்தைத்தான்டி பார்த்தேன், ஆளைப் பார்க்கல" என்றாராம் அக்கா. அதைவிட வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தேவலை. தங்கை பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் வேலை என்று மட்டும் பிறகு தெரிந்தது. தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டார். வழக்கு மட்டும் இந்த ஊர் நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டு கிடந்தது.

இதை அக்கா என்னிடம் சொன்னது ஒரு மாதம் கழித்து, கழிப்பறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு. வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். புகார் கொடுத்தவர் யார் என்று ஆபீசுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

அதற்கப்புறம்தான் எங்களுக்குக் கண் திறந்தது. கண் திறந்த பிறகு பார்த்தால், சாமி, பத்திரிகை முழுக்க இதுதான்! சைக்கிள் திருடினவன் 'ஓடினான்'. பெரிய இடத்து ஆள் கைதானாலும் 'அழைத்துச் செல்லப்பட்டார்'. கையைப் பிடித்து இழுத்தவர் 'மறுத்தார்'. இழுக்கப்பட்டவள் 'கூறினாள்'. வேதனை எப்போதும் அவருக்கு, பரபரப்பு எப்போதும் அவளுக்கு. அவர் எத்தனை பிள்ளைகளுக்குத் தகப்பன் என்று எழுதுவோம். அவள் புருஷனோடு இருக்கிறாளா, என்ன உடுத்தியிருந்தாள், அழகா இல்லையா என்று எழுதுவோம். இத்தனை வருஷம் இதைத்தான் நான் பக்கத்தில் அழகாக அடுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா ளகரத்தை அடித்து ரகரம் போட ஆரம்பித்தார். 'கூறினாள்' என்று வந்தால் 'கூறினார்'. 'ஒருத்தி' என்று வந்தால் 'ஒருவர்'. தலைப்பு சார் பார்த்துவிட்டால் திரும்ப மாற்றிவிடுவார். பார்க்காவிட்டால் தப்பித்தது. பத்துக்கு மூன்று தேறும். அந்த மூன்று தேறின நாளில் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். "எங்கயாவது உக்காந்து படிப்பா இல்ல?" என்று என்னிடம் கேட்பார். "படிப்பா அக்கா. சின்ன வயசுலேர்ந்து வந்த பழக்கம், விடுமா?" என்பேன். ஒரு நாளைக்கு ஒருமுறையாவது அவர் கேட்பதும் நான் சொல்வதும் நடக்கும். யாரோ எழுதின ஏதோ செய்தியை, ஒரே ஒரு வாசகருக்காக அவர் திருத்திக்கொண்டிருந்தார்.

ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம். லீவு கிடைத்தால் பஸ் ஏறி ஏதாவது ஒரு ஊருக்குப் போவார். அங்கேயிருக்கிற மருத்துவமனையில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சீட்டு வாங்கிக்கொண்டு, ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே வரிசையில் உட்காருவார். திரை விலகி ஊசியோடு வருவது தங்கையாக இருக்காதா என்று நப்பாசை. வேறு யாராவது வருவார்கள். கையை நீட்டிவிட்டு வந்துவிடுவார். அவருக்குச் சர்க்கரை இல்லை என்று ஏழு வருஷத்தில் பதினெட்டு மருத்துவமனைகள் எழுதிக் கொடுத்திருக்கின்றன. "வழக்குப் போட்ட வக்கீலம்மாகிட்ட விலாசம் கேளுங்களேன்" என்று நான் கத்தினேன். கேட்டாராம். தங்கை தரவேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். "வேணாம்னு சொன்னவளைத் தேடிப் போய் வாசல்ல நிக்கக் கூடாது. தற்செயலா பார்த்தா பரவாயில்ல" என்றார். பதினெட்டு ஊருக்குப் பஸ் ஏறிப் போவது தற்செயலாம்!

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நீதிமன்றச் செய்தி எழுதுகிறவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "அந்த ரத்தப் பரிசோதனை கேஸ் ஞாபகம் இருக்கா? நாளைக்குத் தீர்ப்பு. ரெண்டு தரப்பும் வரணுமாம்."

அக்காவின் பேனா நின்றுவிட்டது. செய்திக்காரர் போன பிறகு அக்கா தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "நாளைக்கு நான் கோர்ட்டுக்குப் போறேன். பேசல்லாம் மாட்டேன். பின்னாடி பெஞ்சுல உக்காந்து பார்த்துட்டு வந்துடறேன். முகத்தைப் பார்த்து ஏழு வருஷம் ஆச்சுடி" என்றார்.

"பேசுங்களேன், என்ன கெட்டுப்போச்சு?"

"அவ பார்த்தா பேசறேன்."

மறுநாள் காலை எட்டுக்கு வந்தார். பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்த நல்ல புடவை. தலையை அழுத்தி வாரியிருந்தார். நீதிமன்றம் ஊரின் அந்தக் கோடியில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பத்து மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குப் போய்விடலாம். அதுவரை இருக்கிற வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார். அங்கேதான் வினை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். தீர்ப்பு வரும் நாளில், வருவதற்கு முன்பே இரண்டு செய்தி எழுதி வைத்துவிடுவோம். விடுதலையானால் ஒன்று, தண்டனையானால் ஒன்று. தீர்ப்பு வந்ததும் எது பொருந்துமோ அதைப் பக்கத்தில் போட்டு, ஆண்டுக்கணக்கை மட்டும் நிரப்பிக் கீழே அனுப்பிவிடலாம். தலைப்பு சார் இரண்டையும் எழுதி, பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்காவின் மேஜையில் வைத்தார். முதல் பக்கத்துக்கு.

விடுதலைச் செய்தியின் தலைப்பு: 'களங்கம் துடைத்தார் நிர்வாகி'. தண்டனைச் செய்தியின் தலைப்பு: 'உல்லாசப் புகார்: இரு மகள்களின் தந்தைக்குச் சிறை'. உள்ளே, தீர்ப்பைக் கேட்டு அவர் கண்ணீர் மல்க நின்றார் என்று இருந்தது. தீர்ப்பே வரவில்லை, அதற்குள் அந்த ஆளுக்குக் கண்ணீர் மல்கிவிட்டது! கணவரைப் பிரிந்த அந்தப் பெண் இரண்டு செய்தியிலும் 'கூறியிருந்தாள்'.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க போங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"உன்னால எழுத்தைத் தொட முடியாதுடி. தொட்டா உன்னைத் தூக்கிடுவாங்க. எனக்குத்தான் பேனா குடுத்திருக்காங்க." தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டார். நேராகத் தலைப்பு சாரின் மேஜைக்குப் போய் நின்றார்.

"சார், இதுல பிழை இருக்கு."

"திருத்திடுங்க."

"திருத்தினா நீங்க திரும்ப மாத்துவீங்க. அதனால சொல்லிட்டே திருத்தறேன். 'ள்' இருக்கிற இடமெல்லாம் 'ர்' வரணும்."

சார் நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் நடைம்மா. உங்க வேலை எழுத்துப் பிழை பார்க்கிறது."

"எழுத்துப் பிழைதான் சார் இது. ஒரே ஒரு எழுத்து. அப்புறம், 'உல்லாசம்'னா என்ன சார் அர்த்தம்?"

சுற்றி இருந்தவர்கள் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ரெண்டு பேர் சந்தோஷமா இருந்தா அது உல்லாசம். ஒருத்தர் கதவைப் பூட்டி, இன்னொருத்தர் கதவை இடிச்சுக் கத்தினா அதுக்குப் பேர் வேற. தப்பான சொல் போட்டிருக்கீங்க. இருபத்தாறு வருஷமா தப்பான சொல்லை அடிக்கிறதுக்குத்தான் என்னை வெச்சிருக்கீங்க."

"இவ்வளவு வரிஞ்சு கட்டிக்கிட்டு வர்றீங்களே, உங்க வீட்டுப் பொண்ணா என்ன?" என்றார் சார், சிரித்துக்கொண்டே.

ஆமாம் என்று சொல்லத்தான் அக்காவின் வாய் துடித்திருக்கும். என் தங்கைடா அது, நான் தூக்கி வளர்த்தவள்டா என்று கத்தியிருக்கலாம். சொன்னால் தங்கையின் பெயர் அந்த அறையில் விழுந்துவிடும். "யார் வீட்டுப் பொண்ணா இருந்தா என்ன சார்?" என்று மட்டும் சொன்னார் அக்கா.

அதற்குமேல் நான் சும்மா இருப்பேனா? எழுந்தேன். "சார், இன்னொரு விஷயம். அழுற பொண்ணு படத்தை அழிச்சுட்டேன். குப்பைத் தொட்டியிலயும் இல்ல, சுத்தமா போச்சு. வேணும்னா நீங்களே உக்காந்து ஒண்ணு வரைஞ்சு குடுங்க. தீர்ப்பு வாங்கறவர் படம் கோர்ட் வாசல்லேர்ந்து வருது, அதைத்தான் போடப்போறேன்." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாருக்கு எரிச்சல் மூக்கு வரை வந்தது. ஆனால் மணி பத்தைத் தாண்டிவிட்டது. பக்கம் மூட வேண்டும். எங்கள் இரண்டு பேரையும் விட்டால் பக்கம் மூட அங்கே நாதி இல்லை. "என்னவோ பண்ணித் தொலைங்க" என்றார். அக்கா நகர்ந்தால் அவர் மறுபடி மாற்றிவிடுவார் என்று தெரியும்; தீர்ப்பு வரும்வரை அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டு இருபதுக்குத் தீர்ப்பு வந்தது. ஐந்து ஆண்டு சிறை. 'பெண் ஊழியரிடம் அத்துமீறிய நிர்வாகிக்கு ஐந்து ஆண்டு சிறை' என்று தலைப்பு. செய்தது யார் என்று தலைப்பிலேயே சொன்னது எங்கள் பத்திரிகையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உள்ளே அவர் யாருக்கும் தகப்பன் இல்லை. புகார் கொடுத்தவர் யாரையும் பிரியவில்லை, அழகாக இல்லை, அழவில்லை. வேலைக்குப் போன இடத்தில் தனக்கு நடந்ததைக் கூறினார், அவ்வளவுதான். அக்கா மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உடனே நீதிமன்றச் செய்திக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார். எல்லாரும் போய்விட்டார்களாம். அக்கா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நல்ல புடவையின் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பரவாயில்லடி. சாயங்காலம் படிப்பா" என்றார்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து இரண்டு பேரும் கீழே இறங்கினோம். அக்காவின் கையில் மை காயாத பிரதி ஒன்று. வெளிக்கதவுக்கு அருகில் காவலாளியோடு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. தோளில் பிரயாணப் பை. திரும்பினார்.

தங்கைதான். ஏழு வருஷம் அக்கா மனசுக்குள் எத்தனை பேச்சு ஒத்திகை பார்த்திருப்பார்! பத்திரிகையை மட்டும் இரண்டு கையாலும் நீட்டினார். "முதல் பக்கம். படிச்சுப் பாரு. எல்லாம் சரியா இருக்கு."

தங்கை அதை வாங்கவில்லை. "நான் பேப்பரைத் தொட்டு ஏழு வருஷம் ஆச்சுக்கா" என்றார்.

அக்காவின் கை அப்படியே நின்றது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தினமும் 'படிப்பா அக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

"அந்தாளு பக்கம் இருபது பேர் உக்காந்திருந்தாங்க. பொண்டாட்டி, மாமனார், மச்சான், எல்லாரும். என் பக்கம் வக்கீலம்மா மட்டும். தேதி பேப்பர்ல வந்துருக்கும், உனக்குத் தெரிஞ்சிருக்கும், நீ வருவேன்னு நினைச்சேன். கதவு திறக்கிற சத்தம் கேக்கறப்பல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஜட்ஜ் படிக்கிறதைக்கூடச் சரியா கேக்கல." தங்கை பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். "நீ ஏன்க்கா வரல?"

அக்கா வாயைத் திறந்தார். ஆபீசில் வேலை இருந்தது என்று சொல்ல முடியுமா? உனக்காகத்தான் வரவில்லை என்று சொல்ல முடியுமா? நான் சொல்லப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டார்.

"தப்புதான்" என்றார். "இனிமே வரேன்டி."

"இனிமே எங்க வருவ? கேஸ் முடிஞ்சு போச்சு."

தெருவில் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஒன்று போனது. அக்கா கையிலிருந்ததை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் புடவையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு."

"நானும் வரேன்."

"பஸ் ஸ்டாண்டுக்கா?"

"இல்ல. பஸ்ல."

தங்கை அக்காவை மேலும் கீழும் பார்த்தார். மாற்றுத் துணி கிடையாது, நாளைக்கு எட்டு மணிக்கு வேலை. "அங்க ஒரே ஒரு கட்டில்தான் இருக்கு" என்றார்.

"நான் தரையில படுத்துக்கறேன்" என்றார் அக்கா.